அறுபத்தெட்டு சதவீதத்தில் நின்றுபோன தாய்மாமன்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், எங்கள் கல்லூரியின் வீடியோ பிரிவில் வேலை பார்க்கும் பிரவீன் தன் மேசையை இரண்டு கையாலும் குத்தினார். ஒரு மணி நேர ஆண்டு விழாப் பதிவை எக்ஸ்போர்ட் செய்யக் கொடுத்திருந்தார்.

"நாலு நிமிஷம்னு காட்டுதுங்க மேடம். நாலு நிமிஷம்! இந்த சிஸ்டத்தை வெச்சுட்டு எப்படிங்க வேலை பாக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பிரவீன் முகம் வாடிப்போனதைப் பார்த்து, என் சிரிப்பு அவரைப் பார்த்து அல்ல, அந்தியூர்க்காரர் ஒருவரை நினைத்து என்று சொல்ல வேண்டியதாயிற்று. யார் அவர் என்றார். சொன்னேன். பாதி கேட்டதுமே, "இதை எழுதிக் குடுத்துட்டுத்தான் நீங்க ரிட்டயர் ஆகோணும்" என்று பிடித்துக்கொண்டார். ஆனபிறகுதான் எழுத முடிந்தது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்ததால். காந்திபுரத்தில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் கடிதம் அடிக்கவும் போன் எடுக்கவும் ஆள் கேட்டார்கள். ஆறு மாதத்தில் கடிதத்தை விட்டு டெக் பக்கம் போய்விட்டேன். ஒரு டெக்கில் கேமரா கேசட் ஓடும், இன்னொன்றில் வெற்றுக் கேசட் பதிவாகும், நடுவில் மிக்சர். சரியான நொடியில் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வித்தை. டைப்ரைட்டிங் பழகிய விரல் அதற்கு ஒத்துழைத்தது. இப்படியே எட்டு வருஷம். தொண்ணூறுகளின் பின்பாதியில் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பொருத்த வந்தவர் மூன்று நாள் தங்கி, கன்னடம் கலந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக ஊகித்து ஒருவழியாகப் பாடம் முடிந்தது.

ஸ்டுடியோ முதலாளி சிவராஜ் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவரளவு மரியாதை தெரிந்த மனிதரை நான் கண்டதில்லை. ஆளுக்கு மட்டுமல்ல, மெஷினுக்கும் 'ங்க' போடுவார். மானிட்டர் இருண்டால் குனிந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று சி.பி.யூ.விடம் கேட்பார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக நான் 'அம்மணி'. அவர் 'சுலோச்சனாங்க' என்று கூப்பிட்டால் ஏதோ பெரிய தவறு செய்திருக்கிறேன் என்று பொருள். வாடிக்கையாளர் முன்னால் 'ஹேங்' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக்கூடாது. "யோசனை பண்ணுதுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். சில நாள் அது காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை யோசித்திருக்கிறது.

பிரவீன் எக்ஸ்போர்ட் என்று சொன்ன வேலைக்கு அப்போது ரெண்டரிங் என்று பெயர்; வெட்டி ஒட்டிய காட்சிகளை மெஷின் ஒரே ஃபைலாக எழுதி முடிப்பது. அதைத் தொடங்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் சி.பி.யூ.வின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, நேர் எதிரே மேசை ஃபேனை வைக்க வேண்டும். ஸ்கிரீன் சேவரை அணைக்க வேண்டும். மவுஸைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். யார் கை பட்டாலும் அடியிலிருக்கும் உருண்டை உருளக்கூடாது. கடைசியாகப் படியிறங்கிப் போய் காதர் பாயிடம் தகவல் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டுடியோவுக்கு நேர் கீழே அவருடைய ஜூஸ் கடை. அவர் பெரிய மிக்ஸியைப் போட்டால் எங்கள் டியூப்லைட் கண்ணடிக்கும், யு.பி.எஸ். கத்தும். அதனால் பாய் மேலே பார்த்துக் குரல் கொடுப்பார்: "அம்மணி, ரெண்டரிங் ஓடுதுங்களா? மாதுளை போடலாமுங்களா?" ஓடுகிறது என்றால் அன்றைக்கு மாதுளை கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கையால் பிழிந்த சாத்துக்குடிதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ரெண்டரிங் பாதியில் நின்றால், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறம் நான் எழுதி வைக்க வேண்டும். எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை சதவீதத்தில் நின்றது, பாதியில் கிடக்கும் ஃபைல் எவ்வளவு பெரியது. எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "டாக்டர் ஊட்டுக்குப் போனா காய்ச்சல் எத்தனைன்னு கேப்பாங்கல்லங்க" என்றார். எழுதுவேன். எழுதியதை இரண்டு பேருமே திரும்பிப் பார்த்ததில்லை.

இனி அந்தக் கல்யாணம். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த நடராஜ் என்பவரின் ஒரே மகள் வசந்திக்கு. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. முழுக் கல்யாணத்தையும் மூன்று மணி நேரக் கேசட்டாக வழக்கம்போல டெக்கில் முடித்துக் கொடுத்துவிட்டோம். அதன்பிறகு நடராஜ் இன்னொன்று கேட்டார். "அங்க மாப்பிள்ளையோட சிநேகிதங்க மூணு மணி நேரம் உக்காந்து பாப்பாங்களா? இருவத்தஞ்சு நிமிஷத்துல, சினிமாவாட்ட, முழுக்க கம்ப்யூட்டர்லயே போட்டுக் குடுங்க." அதுவரை நாங்கள் கம்ப்யூட்டரில் செய்தது தலைப்பெழுத்தும் நாலு நிமிஷப் பாட்டும்தான். சிவராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வீம்புக்குத் தலையாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் விமானம் ஏற வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ரெண்டரிங் போட்டேன். இருபத்தைந்து நிமிஷப் படம் தயாராகப் பதினொரு மணி நேரம். இரண்டரை மணிக்கு மெஷின் டொய்ங் என்றது. அறுபத்தெட்டு சதவீதம். 'அன்னோன் எரர்' என்று ஒரு கட்டம். அதன் பின்னால் சின்ன ஜன்னலில், கடைசியாகத் தயாரான காட்சி உறைந்து நின்றது. மண்டப வாசலில் சீர்த்தட்டோடு நுழையும் தாய்மாமன் முத்துசாமி. அரைக்கண் மூடி, ஒரு கால் தூக்கியபடி நின்றார்.

சிவராஜ் அண்ணன் எரர் கட்டத்தைப் படித்தார். "என்ன தப்புன்னு அவுங்களுக்கே தெரியலைங்குறாங்க. நாம என்னங்க பண்றது?"

மெஷினைத் தட்டியெழுப்பி, ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பாதி காலி. புதன்கிழமை, அந்த இடத்தில் நான் வைத்திருந்த இதய வடிவ எஃபெக்ட்தான் குற்றவாளி என்று எடுத்துவிட்டுப் போட்டேன். இரண்டரை மணி, அறுபத்தெட்டு, முத்துசாமி. வியாழக்கிழமை, காட்சியே கெட்டுப்போயிருக்கலாம் என்று கேமரா கேசட்டிலிருந்து அந்தத் துண்டை மட்டும் மறுபடி ஏற்றினேன். பாயிடம் சொல்லி மதியம் வரை மிக்ஸி பிளக்கையே பிடுங்கி வைத்தேன். இரண்டரைக்கு மறுபடி முத்துசாமி ஒரு காலைத் தூக்கினார்.

வியாழன் மதியம் நடராஜ் கேசட் வாங்க வந்திருந்தார். பக்கத்தில் நின்று அந்த டொய்ங்கைத் தன் காதாலேயே கேட்டார். திரையைப் பார்த்தவர் முகம் கறுத்தது.

"மூணு நாளும் இதே எடத்துலங்களா?"

"ஆமாங்க."

"இவன் வந்ததும் நிக்குதுங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் அவர் கதையைத் தொடங்கிவிட்டார். முத்துசாமி அவர் மனைவியின் தம்பி. நாலு வருஷத்துக்கு முன் அந்தியூர்ச் சந்தையில் முத்துசாமி தேர்ந்தெடுத்து நடராஜுக்கு ஒரு குதிரை வாங்கிக் கொடுத்தாராம். பார்க்க ராஜா மாதிரி இருக்குமாம். ஆனால் நினைத்த இடத்தில் நின்றுவிடும். அடித்தாலும் நகராது, கெஞ்சினாலும் நகராது. பல்லடம் பஸ் ஸ்டாண்ட் முன்னால் நடராஜைச் சுமந்தபடி முக்கால் மணி நேரம் நின்றதில், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக யோசனை சொன்னார்களாம். அன்றோடு பேச்சு வார்த்தை போய்விட்டது. கல்யாணத்துக்கு மாமன் வராவிட்டால் மணவறையில் உட்கார மாட்டேன் என்று வசந்தி அடம்பிடித்ததால் கூப்பிட்டார்.

"அவன் கை பட்டா எதுவும் நகராதுங்க அம்மணி. குதிரைக்குத் தெரிஞ்சது, கம்ப்யூட்டருக்கும் தெரியுது. அவனை எடுத்துப்போடுங்க."

"தாய்மாமன் சீருங்க. அதை எப்படிங்க..."

"நாளைக்குக் கேசட் என் கைக்கு வருமா வராதாங்க?"

சிவராஜ் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாடிக்கையாளர் கேட்டதை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. முத்துசாமி உள்ளே வருவது, தட்டை இறக்குவது, வசந்தி அவரைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்புமாக எழுந்திருக்கப் போவது என எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிஷம். ஒரே அழுத்தில் போய்விட்டது. அந்தக் கல்யாணத்தில் நான் வெட்டி ஒட்டியதிலேயே நல்ல ஒன்றரை நிமிஷம் அது. வெட்டுவதற்கு முந்தைய வேலையை இன்னொரு பெயரில் சேமித்து வைத்துக்கொண்டேன். மனது கேட்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமன் இல்லாத கல்யாணம் ஓடத் தொடங்கியது. இரண்டு மணிக்கு நடராஜ் வந்து நாற்காலியைத் திரைக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு மாடிப்படியில் கனமான செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். மூன்று நாளாகத் திரையில் ஒரு காலைத் தூக்கி நின்ற மனிதர், இரண்டு காலையும் ஊன்றி என் எதிரே நின்றார்.

"ஏனுங்க அம்மணி, வசந்தி கல்யாணக் கேசட்டு இங்கதானுங்களே? என்ற ஊட்டுக்குப் போன் பண்ணி வசந்தி சொல்லுச்சு, நானு அதுல வாரேனாமா. சித்தெ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். என்னைய நானே டி.வி.ல பாத்ததில்லீங்க."

அந்தியூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் நடராஜ் இருப்பது தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். சிவராஜ் அண்ணன் அவசரமாக இன்னொரு நாற்காலி போட்டார்.

"உக்காருங்க. ஓடிட்டிருக்குதுங்க."

"நானு எப்பங்க வருவேன்?"

நான் கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினேன். சுத்தமான கீபோர்டு.

இரண்டரை மணிக்கு டொய்ங்.

எழுபத்திரண்டு சதவீதம். அன்னோன் எரர். சின்ன ஜன்னலில் நடராஜ். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் நேரம். கல்யாண வேலையில் மூன்று நாள் தூக்கம் இல்லாதவர். வாய் முழுக்கத் திறந்திருந்தது. ஓடும்போது ஐயர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்வதுபோல்தான் இருக்கும், நானும் அப்படித்தான் நினைத்து வைத்திருந்தேன். நின்றபோதுதான் அது கொட்டாவி என்று தெரிந்தது. உள்நாக்கு வரை தெரிந்தது.

முத்துசாமி துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு மூட முடியாமல் வெடித்துச் சிரித்தார். "மச்சான்... பஸ் ஸ்டாண்டுல நின்னாப்பலயே இருக்குதுங்க மச்சான்!"

நடராஜ் காது வரை சிவந்துவிட்டார். முத்துசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப என்ற எடம் தாண்டிருச்சுங்களா அம்மணி?"

பொய் சொல்ல நான் வாயெடுக்குமுன் சிவராஜ் அண்ணன் எழுந்து நின்றார். வாடிக்கையாளர் முன் ஹேங் என்றுகூடச் சொல்லாத மனிதர்.

"இல்லீங்க. உங்க எடத்துல மூணு நாளா நின்னுதுங்க. அதனால உங்களை எடுத்துப்போட்டமுங்க. தப்புங்க. எங்க தப்பு."

யார் சொல்லி எடுத்தோம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முத்துசாமியின் சிரிப்பு அப்படியே அடங்கியது. துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "பரவாயில்லீங்க. புள்ளைக்குக் கேசட்டு போய்ச் சேந்தாச் சரி. நா வாரேனுங்க" என்றார். நடராஜ் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் நான் நாள்காட்டித் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். மணி இரண்டரை. சதவீதம் எழுபத்திரண்டு. ஃபைல் அளவு... பார்த்தேன். இரண்டு ஜி.பி.க்கு ஒரு துளி குறைவு. முந்தின மூன்று தாள்களும் அதே கிளிப்பில் இருந்தன. செவ்வாய், இரண்டு ஜி.பி.க்கு ஒரு துளி குறைவு. புதன், அதே. வியாழன், அதே. ஆள் மாறியிருக்கிறது, சதவீதம் மாறியிருக்கிறது, அளவு மட்டும் மாறவே இல்லை. நாலு நாளாக என் கையாலேயே எழுதி, என் கையாலேயே கிளிப்பில் செருகியிருக்கிறேன்.

"அண்ணா, இவுங்க யாரும் காரணமில்லீங்க" என்று கத்திவிட்டேன். "ஃபைலு ரெண்டு ஜி.பி.க்கு மேல வளர மாட்டேங்குது. அந்த நேரத்துக்கு யாரு வாராங்களோ அவுங்க மூஞ்சில நிக்குது!"

எங்கள் மென்பொருள் ஒரே ஃபைலாக அதற்குமேல் எழுதாது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருந்தாலும் எழுதாது. தலைப்பும் நாலு நிமிஷப் பாட்டும் செய்தவரை நாங்கள் அந்த எல்லையைத் தொட்டதே இல்லை. கிட்டத்தட்டப் பதினேழாவது நிமிஷத்தில் ஃபைல் நிறைந்துவிடும். முத்துசாமி செய்த குற்றம் பதினேழாவது நிமிஷத்தில் மண்டபத்துக்குள் நுழைந்ததுதான்.

படியில் பாதி இறங்கியவரை சிவராஜ் அண்ணன் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சேமித்து வைத்திருந்த பழைய வேலையைத் திறந்தேன். மாமன் இருந்தார். படத்தை இரண்டாகப் பிரித்து, பதினாறாவது நிமிஷத்திலிருந்து கடைசி வரை தனி ஃபைலாக ரெண்டரிங் போட்டேன். சரியாக இருந்தால் மாமனையும் தாண்டும், கொட்டாவியையும் தாண்டும். மவுஸைக் கவிழ்த்து வைத்தேன்.

அரை மணி நேரத்தில் மண்டப வாசலில் முத்துசாமி தோன்றினார்.

இதைத்தான் பிரவீனுக்கு என்னால் விளக்க முடியவில்லை. அந்தக் காலத்து ரெண்டரிங்கில் ஒரு ஆள் ஓர் அடி எடுத்து வைக்கக் கால் நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒன்றரை நிமிஷ மாமன் கடந்துபோக நாற்பது நிமிஷம். நாங்கள் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தோம். கால் தூக்கினார். அரைக்கண் மூடினார். அதே காட்சி. அடுத்த காட்சி வந்தது. கண் திறந்தது. கால் தரையைத் தொட்டது.

"தாண்டிட்டானுங்க!" என்று நடராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிறகு என்ன சொன்னோம் என்று உறைத்து மெல்ல உட்கார்ந்தார்.

முத்துசாமி எதையும் கவனிக்கவில்லை. தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானு இப்படித்தான் நடப்பனுங்களா அம்மணி? கோணலா?" என்று கேட்டார். திரையில் வசந்தி மணவறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்துகொண்டிருந்தாள். அழுகை அவள் முகத்தில் பரவவே ஐந்து நிமிஷம் ஆனது. மாமன் துண்டால் கண்ணைத் துடைத்தார். இந்த முறை சிரிப்பினால் அல்ல. நடராஜும் மூக்கை உறிஞ்சினார், ஃபேன் தூசி என்று சொல்லிக்கொண்டு. கீழேயிருந்து காதர் பாய் குரல் கொடுத்தார்: "அம்மணி, மிக்ஸி போடலாமுங்களா?" நாங்கள் நாலு பேரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்திருப்பார்கள். பாய் பயந்துபோய்க் கையாலேயே பிழிந்து ஐந்து சாத்துக்குடி ஜூஸோடு மேலே வந்தார். ஐந்தாவது அவருக்கு. அவரும் உட்கார்ந்து முத்துசாமி நடப்பதைப் பார்த்தார்.

கொட்டாவி வந்த நேரத்தில் நடராஜ் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மணி, முத்துசாமியை முழுசா வெச்சுக்குங்க. ஒரு நொடிகூடக் குறைக்க வேண்டாம். இதை மட்டும் எடுத்துப்போடறீங்களா?" என்றார்.

"அது இருக்கட்டுமுங்க" என்றார் முத்துசாமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னைய ஒரு நாள் எடுத்தீங்கல்ல மச்சான். அதுக்கு இது."

நடராஜ் யோசித்தார். எங்கள் மெஷினைவிட வேகமாகவே யோசித்தார். "செரி" என்றார்.

ஏழு மணிக்கு அந்தப் பாதி முழுதாக முடிந்தது. சனிக்கிழமை முதல் பாதி ஒரே ஓட்டமாக முடிய, இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் கேசட்டில் பதிவு செய்தேன். ஒட்டிய இடத்தில் படம் லேசாக ஒரு துள்ளு துள்ளும். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். வெள்ளி மாலையே நடராஜும் முத்துசாமியும் ஒரே காரில் பல்லடம் போனார்கள். குதிரை நின்றதற்கு யார் காரணம் என்று படியிறங்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது. குதிரைதான் என்றார் நடராஜ், ஓட்டத் தெரியாதவர்தான் என்றார் முத்துசாமி.

இரண்டு வருஷம் கழித்து வசந்தி குழந்தையோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அந்தக் கேசட்டைத்தான் நீட்டினாள். "அக்கா, இன்னொரு காப்பி போட்டுக் குடுங்க. எல்லா எடமும் நல்லாத்தானுங்க இருக்குது. நடுவுல மட்டும் கோடு கோடா வருது. உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறுங்களா?"

டெக்கில் போட்டுப் பார்த்தேன். தொடக்கம் புதுசு போல இருந்தது. முடிவும் அப்படியே. மாமன் வாசலில் நுழைவதிலிருந்து அப்பா கொட்டாவி விடுவது வரை, டேப் ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து தேய்ந்து, படமே தெரியாத அளவுக்கு வெள்ளைக் கோடுகள்.

"கோளாறில்லை அம்மணி" என்றேன்.